வீட்டுக் கிணற்று நீர் நிறம் மாறினால்



மழைக்காலம் முடிந்து தை பிறந்தால் நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் ஒரு புது வகை சேர்ந்துகொள்ளும். கல்வி உதவி, மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களுக்கு நடுவே, "வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போய்விட்டது, ஆர்.ஓ. மிஷின் வாங்க உதவ வேண்டும்" என்று நாலைந்தாவது இருக்கும். மனுவோடு ஒரு பாட்டில் தண்ணீரையும் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறார்கள். ஒன்று செங்காவி நிறம், ஒன்று கட்டன்சாயா நிறம், இன்னொன்றில் அடியில் கறுப்புத் தூள். மூன்று பேருக்கும் ஒரே மிஷினைத்தான் விற்பனைக்காரர் சிபாரிசு செய்திருக்கிறார். காய்ச்சலுக்கும் கால் முறிவுக்கும் ஒரே மாத்திரை எழுதித் தரும் டாக்டரை நாம் நம்புவோமா?

மேலத்தெருவில் கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளுடன் இருக்கும் ஒரு சகோதரி 16,000 ரூபாய் கேட்டு எழுதியிருந்தார். நம் உறுப்பினர் ஒருவர் பிளம்பரை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். கிணற்றில் வாளி விட்டு எடுத்தால் தண்ணீர் தெளிவாக இருந்தது. மோட்டாரிலிருந்து மாடித் தொட்டிக்குப் போகும் பழைய ஜி.ஐ. பைப் உள்ளே துருவேறி, பாதி அடைத்துக் கிடந்தது. பைப்பை பி.வி.சி.யாக மாற்றித் தொட்டியைக் கழுவியதோடு சிவப்பு நின்றது. செலவு 3,000 ரூபாயைத் தாண்டவில்லை. மிஷின் வாங்கியிருந்தால் அந்தத் துரு அதன் வடிகட்டியைச் சில வாரங்களில் அடைத்திருக்கும்; மாற்று வடிகட்டிக்கு மறுபடியும் மனு வந்திருக்கும்.

அதே மாதத்தில் இன்னொரு வீட்டில் மூன்று பேருக்கு மஞ்சள் காமாலை. அந்த வீட்டுக் கிணற்று நீர் பளிங்கு மாதிரி இருந்தது. யாருக்கும் சந்தேகமே வரவில்லை. இந்த இரண்டு வீடுகளையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மூன்று பாட்டில் சோதனை

யாரையும் கூப்பிடுவதற்கு முன்பு, காசு எதுவும் செலவழிக்காமல் வீட்டிலேயே செய்துவிடக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. நிறமில்லாத மூன்று கண்ணாடி பாட்டில்களை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் சமையலறைக் குழாயின் முதல் தண்ணீரை ஒன்றில் பிடியுங்கள். மாடித் தொட்டியின் நடுப்பகுதியிலிருந்து மொண்டு இரண்டாவதில் ஊற்றுங்கள். மோட்டாரைப் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டு, தொட்டிக்குப் போகும் முன்பே, கிணற்றடியில் அல்லது போர் வாயில் மூன்றாவதைப் பிடியுங்கள். ஒவ்வொன்றின் மேலும் எங்கே பிடித்தது என்று எழுதி ஒட்டி, மூடி, வெள்ளைத் தாளுக்கு முன்னால் வரிசையாக வைத்துவிடுங்கள். பிடித்த உடனே ஒரு தடவை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை, மறுநாள் காலை ஒரு தடவை பாருங்கள்.

குழாய்த் தண்ணீர் மட்டும் நிறமாக இருந்து, கிணற்றடித் தண்ணீர் கடைசிவரை தெளிவாகவே இருந்தால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கும் பைப். சிறிது நேரம் ஓடவிட்டதும் குழாய் நீரும் தெளிந்துவிடுகிறதென்றால் அதில் சந்தேகமே வேண்டாம். தொட்டித் தண்ணீரிலிருந்து நிறம் ஆரம்பித்தால் தொட்டியின் அடிவண்டல், அல்லது மோட்டாரிலிருந்து மேலே ஏறும் பைப். கிணற்றடியில் பிடித்ததே நிறமாக இருந்தால்தான் பிரச்சினை மண்ணிலோ கிணற்றிலோ இருக்கிறது. பிடிக்கும்போது கண்ணாடி போல் இருந்து, ஒரு மணி நேரத்தில் மங்கி, மறுநாள் அடியில் காவித் தூள் படிந்திருந்தால் அது இரும்பு.

இன்னொரு கேள்விக்கும் வீட்டிலேயே பதில் உண்டு: எப்போதிலிருந்து? வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் நிறத்துக்கும், மழை பெய்த இரண்டு நாளில் வந்து பத்து நாளில் போகும் நிறத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. முதலாவது பெரும்பாலும் மண்ணின் குணம். இரண்டாவது, மேலேயிருந்து ஏதோ உள்ளே போகிறது என்பதற்கு அடையாளம். பயப்பட வேண்டியது இரண்டாவதுக்குத்தான்.

காவியும் சிவப்பும்

பூமிக்கு அடியில் காற்றுப் படாத இடத்தில் தேங்கியிருக்கும் நீரில், மண்ணிலும் பாறையிலும் உள்ள இரும்பு கரைகிறது. கரைந்த நிலையில் அதற்கு நிறம் கிடையாது. மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாக மாறி, காவி நிறத்தில் பிரிகிறது. ஆழமான போர்த் தண்ணீரில் இது அதிகம் தெரிவதும், வெட்ட வெளியாகக் காற்றுப்படும் திறந்த கிணற்றில் குறைவாகத் தெரிவதும் இதனால்தான். "வாப்பா காலத்தில் கேணித் தண்ணி நல்லாத்தானே இருந்துச்சு, போர் போட்ட பிறகுதான் இப்படி" என்று பெரியவர்கள் சொல்வது முழுக்க நியாயமானது.

இரும்பு இருக்கிறதா என்று பார்க்கக் கடுக்காய் போதும். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை கடுக்காய்ப் பொடியைப் போட்டுக் கலக்குங்கள். இரும்பு இருந்தால் தண்ணீர் கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்புச் சத்தையும் சேர்த்துத்தான் எழுதும் மை காய்ச்சினார்கள். அதே வேதியியல்தான் இது. தேயிலையிலும் இதே துவர்ப்புச் சத்து உண்டு. சில வீடுகளில் டீ எவ்வளவு நல்ல தூள் போட்டாலும் மை மாதிரி கறுத்துப்போவதன் காரணம் அதுவே. தூளை மாற்றி மாற்றிக் கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை. (கடுக்காய் சோதனை, இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. பழைய ஜி.ஐ. பைப்பின் துருவும் சில நேரம் அதே நிறத்தைக் காட்டிவிடும் என்பதால் கிணற்றடியில் பிடித்த தண்ணீரில்தான் செய்ய வேண்டும்.)

ஒரு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே வெள்ளை வேட்டி மஞ்சளாகும், பாத்ரூம் டைல்ஸில் கறை பிடிக்கும், வாயில் இரும்பு ருசி தட்டும். கிணறுகளில் வழக்கமாகக் காணும் அளவில் இரும்பு விஷம் கிடையாது. தலைமுடி கொட்டுவதற்கும், சிறுநீரகக் கல்லுக்கும், எல்லாவற்றுக்கும் அதன்மேல் பழி போடுகிறார்கள். தொந்தரவு உண்மை, பயம் மிகை.

சில கிணறுகளில் தொட்டிச் சுவரிலும் கழிப்பறைத் தொட்டிக்குள்ளும் ஆரஞ்சு நிறத்தில் கோழை மாதிரி வழுவழுப்பாகப் படியும். தண்ணீர் மேல் எண்ணெய் மிதப்பது போல் வானவில் நிறத்தில் ஒரு படலம் தெரியும். பக்கத்துப் பெட்ரோல் பங்கிலிருந்து கசிகிறது என்று ஒரு தெருவே கலங்கிவிட்டது ஒரு முறை. ஒரு குச்சியால் அந்தப் படலத்தைக் கலைத்துப் பார்த்தாலே தெரியும். கண்ணாடிச் சில்லு போல் துண்டு துண்டாக உடைந்து பிரிந்து நின்றால் அது இரும்பை உண்டு வாழும் பாக்டீரியாவின் வேலை. உடனே சுழன்று மறுபடி ஒன்றுகூடினால்தான் எண்ணெய். இந்தப் பாக்டீரியா நோய் தருவதில்லை, ஆனால் பைப்பையும் மோட்டாரையும் அடைத்து, கெட்ட வாடையைக் கொடுக்கும். கிணற்றைச் சுத்தம் செய்து பலமான குளோரின் போட்டால் அடங்கும். அடியோடு போகாது, ஒன்றிரண்டு வருஷத்தில் திரும்ப வரும்.

இரும்பை எடுக்க வழி, இயற்கை செய்வதையே நாம் கொஞ்சம் சீக்கிரம் செய்வதுதான். தண்ணீருக்குக் காற்றைக் காட்ட வேண்டும், துரு பிரிந்து கீழே இறங்க நேரம் கொடுக்க வேண்டும், பிறகு மணலில் வடிக்க வேண்டும். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இரண்டு இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். முதல் டிரம்முக்கு வரும் பைப்பின் நுனியில் ஷவர் தலை ஒன்றை மாட்டி, இரண்டு மூன்று அடி உயரத்திலிருந்து மழை போல் விழவிடுங்கள். இரவு முழுக்க நிற்கட்டும். அந்த டிரம்மின் குழாயை அடியில் வைக்காமல் அரை அடி மேலே வைத்தால் படிந்த துரு அங்கேயே நிற்கும். இரண்டாவது டிரம்மில் கீழே அரை அடிக்குக் கூழாங்கல், அதன் மேல் இரண்டு அடிக்கு நன்றாகக் கழுவிய மணல். தண்ணீர் மணல் வழியாக இறங்கி அடிக்குழாயில் வரும். தண்ணீர் இறங்குவது மெதுவாகிவிட்டால் மேல்மணலில் ஓர் அங்குலத்தைச் சுரண்டிக் கழுவிப் போடுங்கள். லிட்டருக்குச் சில மில்லிகிராம் வரை இது தாராளமாக வேலை செய்யும். புளிப்புத் தன்மை உள்ள தண்ணீரில், அதாவது பி.எச். 7க்குக் கீழே இருந்தால், துரு பிரிவது ரொம்பவும் தாமதமாகும்.

ஆர்.ஓ. மிஷினை நான் மொத்தமாக வேண்டாம் என்று சொல்லவில்லை. உப்புக்கும் ஃபுளோரைடுக்கும் நைட்ரேட்டுக்கும் அது உதவும். ஆனால் இரும்பை முதலில் எடுக்காமல் அதை மாட்டினால் அதன் சவ்வு அடைபடும். அது தரும் நல்ல தண்ணீரைவிட வெளியே தள்ளும் தண்ணீர்தான் பெரும்பாலும் அதிகம் என்பதும் கோடையில் நினைவில் இருக்க வேண்டிய விஷயம்.

கறுப்பு, பச்சை, பால் வெள்ளை

அடியில் கறுப்புத் தூள் படிந்தால், வெள்ளைத் துணியில் பழுப்பும் கறுப்புமாகக் கறை விழுந்தால், மாங்கனீஸாக இருக்கலாம். இரும்போடு சேர்ந்தே இது வரும், இரும்பைப் போல் காற்றுக்கு மட்டும் சுலபமாகப் பணியாது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காவிட்டால் 0.3 வரை. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை உள்ள வீட்டில், பரிசோதனை முடிவு வரும்வரை பால் கலக்க வேறு தண்ணீரைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. அழுகிய முட்டை வாடையும் கறுப்பும் சேர்ந்து வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. காற்றுப்பட நிறுத்தி வைத்தால் வாடை குறையும். ஆனால் வாடை புதிதாக, திடீரென்று வந்திருந்தால் செப்டிக் டேங்க் பக்கம் கண்ணைத் திருப்புங்கள்.

பச்சை என்றால் பாசி. வெயில் படும் திறந்த கிணற்றிலும், மூடி உடைந்த மாடித் தொட்டியிலும் வரும். மூடியைச் சரி செய்து வெளிச்சத்தை மறைத்தால் பாசிக்குப் பிழைப்பு இல்லை. பால் போல் வெண்மையாக வந்து, தம்ளரில் கீழேயிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே போனால் அது வெறும் காற்றுக் குமிழி. மோட்டார் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது, நீர்மட்டம் இறங்கியிருக்கலாம். மணல் மணலாக வந்தால் போரின் சல்லடைப் பைப் உடைந்திருக்கலாம், அல்லது மோட்டார் அடிவண்டலுக்கு மிக அருகில் தொங்குகிறது. இரண்டையும் மோட்டார் மெக்கானிக் பார்த்துக்கொள்வார்.

மழைக்குப் பின் கலங்கினால்

வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் கிணற்று நீர் கலங்குவதைப் பலரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். "மழைத் தண்ணி கலந்திருக்கு, தெளிஞ்சிரும்" என்பார்கள். தெளிந்துவிடும், அது உண்மைதான். ஆனால் மண் வந்த வழியில் மண் மட்டும்தான் வந்ததா? மேலே ஓடிய மழைநீர் மண்ணில் வடிகட்டப்படாமல் நேராகக் கிணற்றுக்குள் போயிருக்கிறது. அந்தத் தண்ணீர் ஆட்டுக்கொட்டில், சாக்கடை, நிரம்பி வழிந்த செப்டிக் டேங்க் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு வந்திருக்கும். டைபாய்டும், ஏ, இ வகை மஞ்சள் காமாலையும், வயிற்றுப்போக்கும் இந்த வழியில் வருகின்றன. இ வகைக் காமாலை கர்ப்பிணிகளுக்கு, குறிப்பாகக் கடைசி மாதங்களில், உயிருக்கே ஆபத்தாக முடியும். கலங்கலை நான் காவியைவிட முன்னால் வைப்பது இதனால்தான்.

கிணற்றைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். கைப்பிடிச் சுவர் இடுப்பளவாவது இருக்கிறதா? சுற்றிலும் சிமெண்டுத் தளம் போட்டு, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடும்படி சரிவு கொடுத்திருக்கிறதா, அல்லது துணி துவைத்த தண்ணீர் கிணற்றுக்கே திரும்புகிறதா? உறைக்கிணறானால் மேல் ஏழெட்டு அடியில் உறைகளின் இணைப்பு விட்டிருக்கிறதா? மழை விட்டதும் உள்ளே எட்டிப் பார்த்தால் எந்த இணைப்பிலிருந்து நீர் கசிந்து இறங்குகிறது என்று ஈரத்தடமே காட்டிக்கொடுக்கும். போரானால் கேசிங் பைப் தரைக்கு மேல் ஓர் அடியாவது நிற்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், பைப்பைச் சுற்றி உள்ள இடைவெளியை சிமெண்டால் அடைத்திருக்க வேண்டும். கைவிட்ட பழைய போர் அருகில் திறந்து கிடந்தால், அது அழுக்கு நீருக்கு நேர் பாதை. குழந்தைகளுக்கு அது எப்படிப்பட்ட ஆபத்து என்பதை 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் பார்த்தோம். இரண்டு வயதுக் குழந்தையை மீட்க முடியாமல் போனது. அதை இன்றே மூடுங்கள்.

செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 அடி இடைவெளி வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. நம் தெருக்களில் சுவரோடு சுவராக வீடு. நம் குழிக்கும் நம் கிணற்றுக்கும் 60 அடி விட்டாலும், பக்கத்து வீட்டுக் குழி நம் கிணற்றிலிருந்து 15 அடியில் இருக்கும். அவர் கிணற்றுக்கு நம் குழி அப்படி. இதை ஒரு வீடு தனியாகத் தீர்க்க முடியாது. அடுத்தடுத்த நாலு வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து பேசி, குழிகளை ஒரு பக்கமும் கிணறுகளை ஒரு பக்கமுமாக ஒதுக்கிக்கொண்ட தெரு நம் ஊரிலேயே இருக்கிறது. புது வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்துக்கு முன்பே அண்டை வீட்டாரிடம் குழி எங்கே என்று கேட்டுவிடுவது நல்லது. அடியும் நாலு பக்கமும் பூசிய, கசியாத டேங்க் கட்டி, நிறைந்ததும் லாரியில் எடுப்பது செலவுதான். ஆனாலும் இடமில்லாத வீட்டுக்கு அதைத் தவிர வழி தெரியவில்லை.

கலங்கிய நீரைத் தெளிய வைக்கப் படிகாரம், தேத்தாங்கொட்டை எல்லாம் நல்லவைதான். பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை இழைத்து நீர் ஊற்றி வைக்கும் வழக்கம் இன்றும் சில வீடுகளில் உண்டு. நெல்லிக் கட்டையைக் கிணற்றில் போடுவதும் பழக்கம். இவை கலங்கலை இறக்கும். கிருமியை முழுதாகக் கொல்லாது. தெளிந்த பிறகு நன்றாகக் கொதிக்கவிட்டு, கொப்பளிக்கத் தொடங்கிய பின்னும் ஒரு நிமிடம் வைத்து இறக்குவதே வீட்டில் நிச்சயமான வழி.

பிளீச்சிங் பவுடர் எவ்வளவு?

"ஒரு கை அள்ளிப் போட்டோம்" என்கிறார்கள். சிலர் ஒரு கிலோவை அப்படியே கொட்டுகிறார்கள். கணக்கு ரொம்பச் சுலபம். கிணற்றின் விட்டத்தை அடியில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, பிறகு 22 ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 5 அடி விட்டம், 8 அடி தண்ணீர் என்றால் 5 x 5 x 8 x 22 = 4,400 லிட்டர். தெளிந்த நீருக்கு வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர்; நம் கிணற்றுக்கு 11 கிராம். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் இறங்கிவிடும். மேல் தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கி, மேலும் கீழுமாக அசைத்துக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் யாரும் எடுக்கக் கூடாது. இரவில் போட்டுவிட்டுப் படுப்பது வசதி.

வெள்ளம் புகுந்த, அல்லது ஏதாவது செத்துக் கிடந்த கிணற்றுக்கு இது போதாது. முதலில் கலங்கல் நீரை இறைத்துவிட்டு, ஊறிய நீருக்கு 1,000 லிட்டருக்கு 200 கிராம் வீதம் போட வேண்டும். மேலே சொன்ன கிணற்றுக்கு 900 கிராம் அளவில் வரும். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் கரைக்காமல் பல வாளிகளாகச் செய்யுங்கள். 12 மணி நேரம் கழித்து, வாடை போகும்வரை இறைத்துக் கொட்டிவிட வேண்டும். அந்தத் தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள். அதுவரை குடிக்கவோ குளிக்கவோ கூடாது.

பவுடர் பாக்கெட் எப்போது பிரித்தது என்று பாருங்கள். திறந்து வைத்த பவுடர் வீரியம் இழந்து, வெறும் சுண்ணாம்பாகிவிடும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டோடு எக்காரணம் கொண்டும் சேரக் கூடாது; விஷவாயு கிளம்பும். இன்னொரு விஷயம், இரும்பு உள்ள கிணற்றில் குளோரின் போட்டால் தெளிவாக இருந்த நீர் சில மணி நேரத்தில் செக்கச்செவேலென்று ஆகிவிடும். கரைந்திருந்த இரும்பு ஒரே நேரத்தில் துருவாகப் பிரிவதால் வருவது அது. "மருந்து போட்டுக் கிணற்றைக் கெடுத்துவிட்டார்கள்" என்று பிளம்பரைத் திட்ட வேண்டாம். இரண்டு நாளில் இறங்கிவிடும்.

கடற்கரையை ஒட்டிய வீடுகள் இறைப்பதிலும் நிதானமாக இருக்க வேண்டும். மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் ஒரு போர்வை போல் மிதக்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கடல்நீர் புகுந்த கிணறுகளைச் சுத்தம் செய்கிறோம் என்று மீண்டும் மீண்டும் ஒட்ட இறைத்தபோது, இலங்கையின் கிழக்குக் கரையில் பல இடங்களில் கீழிருந்த உப்பு மேலேறியது. ஒரு தடவை இறைத்து, ஊறவிட்டு, மருந்து போடுவது போதும்.

கிணற்றுக்குள் ஆள் இறங்குவது

தூர் வார ஆள் இறக்கும்போது நாம் காட்டும் அவசரம்தான் எனக்குப் பெரிய கவலை. ஆழமான, நாளாகத் திறக்காத கிணற்றின் அடியில் உயிர்க்காற்று இல்லாமலும், விஷவாயு தேங்கியும் இருக்கலாம். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கிய மகனும் தம்பியும் சேர்ந்து போன செய்திகளை நாம் படித்துக்கொண்டே இருக்கிறோம். விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். அணைந்தால் இறங்கவே கூடாது. அணையாவிட்டால் பயமில்லை என்று அர்த்தமில்லை, சில விஷவாயு விளக்கை அணைக்காது. பெட்ரோல், டீசல் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவது கொலைக்குச் சமம். அதன் புகையே போதும். மூடியைத் திறந்து பல மணி நேரம் விட்டு, மின்விசிறி அல்லது ப்ளோயர் வைத்துக் காற்றடித்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் நின்றால்தான் இறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காமல் 101க்கோ 112க்கோ சொல்லுங்கள்.

ஒளுவுக்கு ஆகுமா?

இதைப் பலரும், குறிப்பாகப் பெண்கள், கேட்கிறார்கள். இரும்பு, மண், பாசி, உதிர்ந்த இலை, நெடுநாள் தேங்கல் ஆகியவற்றால் நீர் நிறம் மாறினால் அது சுத்தமான நீரே; ஒளுவுக்கும் குளிப்புக்கும் ஆகும். நிலத்தின் குணத்தால் வரும் மாற்றத்தை மார்க்கம் பொருட்படுத்தவில்லை. நஜீஸ் கலந்து, அதனால் நிறம், ருசி, வாடை மூன்றில் ஒன்று மாறினால் எவ்வளவு பெரிய கிணறானாலும் அந்த நீர் ஆகாது. மாறாவிட்டால், ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத், அதாவது சுமார் 200 லிட்டருக்கு மேற்பட்ட நீர் சுத்தமானதாகவே நிற்கும். ஹனஃபி மத்ஹபில் கிணற்றுக்குள் பிராணி விழுந்து இறந்தால் இத்தனை வாளி இறைக்க வேண்டும் என்று தனிச் சட்டங்கள் உண்டு. அந்தந்தப் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆக, மேலே சொன்ன மூன்று பாட்டில் சோதனையும் சுற்றுப்புறம் பார்ப்பதும் இந்தக் கேள்விக்கும் வேண்டியிருக்கிறது. நிறம் மண்ணிலிருந்து வந்ததா, செப்டிக் டேங்கிலிருந்து வந்ததா என்று தெரியாமல் பத்வா கேட்டால் ஆலிம்சா என்ன சொல்வார்? ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள்: ஒளுவுக்கு ஆகும் நீரெல்லாம் குடிக்க ஆகும் நீர் கிடையாது. 200 லிட்டர் என்ற அளவு தஹாரத்துக்கான சட்டம். டைபாய்டுக் கிருமிக்கு அது தெரியாது.

தெளிந்த நீரும் சோதனையும்

வங்கதேசத்தில் குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்கிலிருந்து மக்களைக் காக்க 1970களிலிருந்து லட்சக்கணக்கான அடிகுழாய்கள் போட்டார்கள். கண்ணாடி போல் தண்ணீர் வந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் அவற்றில் பலவற்றில் பூமியின் ஆர்சனிக் நஞ்சு கலந்திருப்பது தெரிந்தது. அதற்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. பிறகு ஒவ்வொரு குழாயாகச் சோதித்து, ஆகாததற்குச் சிவப்பும் ஆகும் குழாய்க்குப் பச்சையும் பெயிண்ட் அடித்தார்கள். நம் பகுதியில் அந்த ஆர்சனிக் பிரச்சினை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நமக்கு நிறமில்லாமல் வருவது கழிவின் கிருமியும் நைட்ரேட்டும். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால், அந்த நீரில் பால் கலந்து குடிக்கும் கைக்குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும் நோய் வரலாம். காய்ச்சினால் நைட்ரேட் போகாது, நீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத் தலைநகரங்களில் பரிசோதனைக் கூடங்கள் உண்டு. பொதுமக்களும் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். இரண்டு வகைச் சோதனை, இரண்டுக்கும் தனித்தனி பாட்டில். ரசாயனச் சோதனைக்கு இரண்டு லிட்டர் புது பிளாஸ்டிக் கேன் போதும். அதே தண்ணீரால் மூன்று தடவை அலசிவிட்டு, மேல்விளிம்பு வரை நிரப்புங்கள். கிருமிச் சோதனைக்குக் கூடத்தில் தரும் கிருமி நீக்கிய பாட்டிலைத்தான் பயன்படுத்த வேண்டும். அதை அலசக் கூடாது, உட்புறத்தையும் மூடியையும் கை தொடக் கூடாது. பிடித்ததும் ஐஸ் வைத்த பெட்டியில் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள், தப்பினாலும் அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்ட கையோடு மாதிரி எடுத்தால் ஒன்றும் தெரியாது. ஒரு வாரமாவது போகட்டும்.

முடிவு வந்ததும் டி.டி.எஸ். எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைக்காதீர்கள். விற்பனைக்காரர் கையில் வைத்திருக்கும் சின்னக் கருவி காட்டுவது கரைந்த உப்பின் அளவு மட்டும்தான். கிருமியைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. தாளில் முதலில் தேட வேண்டியது இ.கோலை. 100 மில்லி நீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அடுத்தது நைட்ரேட், பிறகு ஃபுளோரைடு, இரும்பு, மாங்கனீஸ், பி.எச். 6.5க்கும் 8.5க்கும் நடுவில் இருக்கிறதா என்பது. டி.டி.எஸ். 500க்குள் இருந்தால் நல்லது. வேறு நீர் இல்லாத ஊர்களுக்கு 2,000 வரை அனுமதி உண்டு.

தண்ணீர் மிஷினுக்கு அறக்கட்டளையில் உதவி கேட்பவர்கள் இனி மனுவோடு இந்தச் சோதனைத் தாளை இணைக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் முடிவு செய்திருக்கிறோம். கட்டணம் செலுத்த வசதியில்லாதவர்கள் அதற்காகத் தயங்க வேண்டாம். அலுவலகத்தில் சொன்னால் சோதனைச் செலவை அறக்கட்டளை ஏற்கும். மூன்று பாட்டில்களையும், எங்கே பிடித்தது என்று எழுதி ஒட்டி, அஸருக்குப் பிறகு எந்த நாளிலும் கொண்டுவரலாம். கடுக்காய்ப் பொடி அலுவலகத்திலேயே இருக்கிறது.